முதன்முதலாக மரத்தில் வில் செய்ய எந்த மரம் வாங்குவது, எப்படித் தொடங்குவது?

நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள். வில்லுக்குப் பேர்போன யூ (yew) மரக் கட்டையின் விலையைப் பார்த்துவிட்டு, அது இல்லாமல் 50 பவுண்டு இழுவை, அதாவது நாணை முழுதாக இழுக்க 50 பவுண்டு விசை தேவைப்படும் நல்ல வில் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மரம் ஒரு தடையே இல்லை. ஹோம் டிப்போ போன்ற கடையில் ஆறடி நீள ரெட் ஓக் சட்டம் ஒன்று வாங்குங்கள். 'ஒன்று பை இரண்டு' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அளந்தால் ஒன்றரை அங்குல அகலமும் முக்கால் அங்குலக் கனமும் இருக்கும். நான் தொடங்கியது அதில்தான், யார் கேட்டாலும் இன்றும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் முதல் வில்லுக்கு 50 பவுண்டு வேண்டாம். 30 முதல் 35 போதும்.

வில்லுக்கு ஏற்ற மரம் என்ற பெயர் யூவுக்குச் சும்மா வரவில்லை. 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் 130க்கும் மேற்பட்ட முழு வில்கள் கிடைத்தன, எல்லாம் யூ. ஆனால் அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முந்திய வில் ஒன்று டென்மார்க்கின் ஹோல்மகார்டு சதுப்பில் கிடைத்தது. அது எல்ம் மரம். அதை அகலமாகவும் தட்டையாகவும் செய்திருந்தார்கள். அகலம் கூடினால் சுமை பரவிவிடும், அதனால் சாதாரண மரமும் உடையாமல் தாங்கும். நீங்கள் செய்யப்போவதும் அந்த வகைதான்.

கடையில் அவசரப்படாதீர்கள். பாதி வில் அங்கேயே முடிவாகிவிடுகிறது. அடுக்கியிருக்கும் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மரத்தின் கோடுகள் எப்படி ஓடுகின்றன என்று பாருங்கள். ஒரு முனையில் தொடங்கும் கோடு மறுமுனை வரை பக்கவாட்டில் வெளியேறாமல் போக வேண்டும். அகலப் பக்கத்தில் மட்டும் பார்த்தால் போதாது, கனப் பக்கத்திலும் அப்படியே இருக்க வேண்டும். கோடு சாய்ந்து ஓரத்தில் முடிந்தால் வில் அந்த இடத்தில்தான் பிளக்கும். கணு இருந்தால் தொடவே வேண்டாம். மொத்த அடுக்கையும் புரட்டி ஒன்றுகூடத் தேறவில்லையென்றால் வெறுங்கையோடு திரும்பிவிட்டு அடுத்த வாரம் போங்கள். கோடு கோணலான விலையுயர்ந்த ஹிக்கரி மரத்தைவிட, கோடு நேரான மலிவு ஓக் எவ்வளவோ மேல்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. அம்பு போகும் திசையைப் பார்க்கும் பக்கம் வில்லின் முதுகு, உங்களைப் பார்க்கும் பக்கம் வயிறு. கோடு சுத்தமாக ஓடும் முகத்தை முதுகாக வையுங்கள். அதன்பிறகு கூரிய ஓரங்களை உப்புத்தாளால் உருட்டிவிடுவது தவிர முதுகில் எந்த வேலையும் கூடாது. மரத்தை எடுப்பதெல்லாம் வயிற்றுப் பக்கத்தில்தான்.

நடுவில் நான்கு அங்குலம் பிடி. சட்டத்தின் கனம் பிடிக்குப் போதாது, எனவே வயிற்றுப் பக்கம் எட்டு அங்குலக் கட்டை ஒன்றை மரப்பசை தடவிக் கிளாம்ப் போட்டு ஒட்டுங்கள். பிடி போக இருபுறமும் மிஞ்சும் இரண்டிரண்டு அங்குலத்தைச் சரிவாக இழைத்து, வில்லின் கைகளோடு (பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகள்) சேர்க்க வேண்டும். அந்தச் சரிவுப் பகுதி வளையக் கூடாது, வளைந்தால் ஒட்டு விட்டுவிடும். கையின் பாதித் தூரம் வரை முழு அகலம் இருக்கட்டும், அங்கிருந்து நுனியில் அரை அங்குலம் ஆகும்படி ஒடுக்குங்கள். கனம் சரிவு முடியும் இடத்தில் 5/8 அங்குலம், நுனியில் 1/2 அங்குலம். இது தொடக்க அளவுதான், இனிமேல்தான் உண்மையான வேலை.

அந்த வேலைக்கு டில்லரிங் என்று பெயர். இரண்டு கைகளும் ஒரே சீராக வளையும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மரத்தை எடுப்பது. இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். கனத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். கனத்தில் பத்து சதவீதம் குறைந்தாலே விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அதனால் தொடக்கத்தில் மர அரம், பிறகு சுரண்டும் தகடு. இழைப்புளியை இந்தக் கட்டத்தில் ஓரமாக வைத்துவிடுங்கள்.

முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றிப் பிடியை அழுத்திப் பாருங்கள். இரண்டு கைகளும் லேசாக வளையத் தொடங்கியதும் நுனிகளில் நாண் மாட்டும் பள்ளமான குதையை வெட்டி, நீளமான கயிற்றைத் தொய்வாக மாட்டுங்கள். வில்லைச் சுவரில் ஒரு தாங்கியில் வைத்து, கயிற்றைக் கீழே ஒரு கப்பி வழியாக இழுத்து, தள்ளி நின்று பாருங்கள். எத்தனை பவுண்டு என்று காட்ட இடையில் ஒரு தொங்கு தராசு. ஐந்தாறு அங்குல நேர்க்குச்சி ஒன்றை வளைந்த வில்லின் வயிற்றோடு ஒட்டிப் பிடித்தால் நடுவில் இடைவெளி தெரியும். இடைவெளி அதிகமான இடம் அதிகம் வளைகிறது, அங்கே கை வைக்காதீர்கள். குறைவான இடத்தில் சுரண்டுங்கள். சுரண்டியபின் இருபது முப்பது முறை மெதுவாக இழுத்துவிடுங்கள். எடுத்த மரத்தின் விளைவு அப்போதுதான் வில்லில் தெரியும்.

இரண்டு விதிகள் உண்டு, இவற்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. குறித்துக்கொண்ட பவுண்டுக்கு மேல் ஒருபோதும் இழுக்கக் கூடாது. 35 என்றால், பத்து அங்குலம் இழுத்ததுமே தராசு 35 காட்டினாலும் அங்கேயே நிறுத்திச் சுரண்ட வேண்டும். அடுத்தது, வளைவில் கோணல் தெரிந்த கணமே இழுப்பதை நிறுத்த வேண்டும். ஒரே இடம் கீல்போல மடங்க, அப்படியே மேலும் இழுத்தால் வயிற்று நார்கள் நசுங்கிவிடும். நசுங்கியது திரும்பாது.

வளைவு சீரானதும் வில்லின் நீளத்துக்கு ஏற்ற சரியான நாணுக்கு மாறுங்கள். டேக்ரான் நூல் பன்னிரண்டு இழை போதும், நீண்டுகொடுக்கும் நைலான் வேண்டாம். நாணேற்றியதும் பிடிக்கும் நாணுக்கும் இடையே முதலில் மூன்று அங்குலம், பிறகு ஆறு. நாணை முழுதாக இழுக்கும் தூரம் 28 அங்குலம் என்றால், 26, 27 அங்குலத்தில் குறித்த பவுண்டு வந்ததுமே சுரண்டுவதை நிறுத்திவிடுங்கள். உப்புத்தாள் போடும்போது இன்னும் ஓரிரு பவுண்டு குறையும். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று பூச்சு.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பி, மரத்தை உடைத்துவிடக்கூடும். டில்லரிங் செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும். ஏற்றியபடியே வைத்தால் வில் அந்த வளைவிலேயே தங்கி வேகம் இழக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் ஓக் தேடி அலைய வேண்டாம், மூங்கில் இருக்கிறது. மேற்கு, மத்திய இந்தியாவின் பீல் பழங்குடியினர் மூங்கிலில்தான் வில் செய்கிறார்கள், நாண்கூட மூங்கில் பட்டைதான். முற்றிய, சுவர் தடித்த கல் மூங்கிலைப் பிளந்து, நிழலில் மாதக்கணக்கில் உலர்த்துங்கள். மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது பச்சைத்தோலை ஒட்டிய பகுதியில்தான், எனவே தோல் பக்கம் முதுகாக இருக்கட்டும், அதைச் சீவாதீர்கள். பூட்டானில் இரண்டு மூங்கில் துண்டுகளைப் பிடியில் இணைத்துச் செய்வார்கள். நீளமான துண்டு கிடைக்காதவர்களுக்கு அது நல்ல வழி. இரண்டையும் ஒரே மூங்கிலில் பக்கத்துப் பக்கத்துப் பிளவுகளாக எடுத்தால் கணுக்கள் ஒன்றுக்கொன்று நேராக வரும், இரு கைகளையும் சமப்படுத்துவது பாதி சுலபமாகிவிடும்.