துவரம் பருப்புக்கு வரி கட்டி எடுக்க முடியுமா?

தம்பி, சிட்னிக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மதுரையில் ஒரு மளிகைக் கடையின் இணையதளத்தில் துவரம் பருப்பு, முழு மல்லி, காய்ந்த மிளகாய், சீரகம், கூடவே வீட்டுக் கொல்லையில் போட முருங்கை விதை என்று ஆர்டர் போட்டிருக்கிறீர்கள். பார்சலுக்குப் பதிலாகக் கடிதம் வந்திருக்கிறது. "எவ்வளவு வரி கட்டினால் விடுவார்கள் அக்கா?" என்பது உங்கள் கேள்வி.

எவ்வளவு கட்டினாலும் விட மாட்டார்கள். அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலை இங்கே இரண்டு தரப்பு பார்க்கிறது. வரி, ஆயுதம், போதைப் பொருள் எல்லாம் எல்லைப் படையின் பொறுப்பு. விதை, தானியம், பால், மரம், மண் எல்லாம் வேளாண் துறையின் உயிரிப் பாதுகாப்புப் பிரிவின் பொறுப்பு. முதல் தரப்பில் பல விஷயங்கள் பணத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது தரப்பில் பணத்துக்கு வேலையே இல்லை. உங்கள் பார்சல் நிற்பது அங்கேதான்.

காரணம் கப்ரா வண்டு என்ற பூச்சி. நம் நாட்டுப் பக்கத்தில் பிறந்த பூச்சி அது. சேமித்து வைத்த தானியத்துக்குள் புழுவாக இருந்து தின்னும். தின்ன எதுவும் கிடைக்காவிட்டால் இண்டு இடுக்கில் ஒளிந்து வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண மருந்தடித்தால் சாகாது. கோதுமையையும் பருப்பையும் உலகத்துக்கே ஏற்றுமதி செய்து பிழைக்கும் நாடு இது. ஒரு முறை அது இங்கே குடியேறிவிட்டால் வாங்குகிற நாடுகள் கதவைச் சாத்திவிடும். 2007இல் பெர்த் நகரில் புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பத்தின் சாமான்களோடு அந்த வண்டு வந்து, வீட்டையே கூடாரம்போலத் துணியால் மூடிப் புகை போட்டு அழித்தார்கள். 2020இல் குளிர்சாதனப் பெட்டியோடும், குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிடும் உயர நாற்காலியோடும்கூட வந்து சேர்ந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் தபாலிலும் பயணப் பெட்டியிலும் எந்த நாட்டிலிருந்தும் வரக்கூடாது என்று ஒரு பட்டியலைப் போட்டார்கள்.

அந்தப் பட்டியலைப் படித்தால் நம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினார்களோ என்று தோன்றும். அரிசி, கோதுமை, துவரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, பட்டாணி, நிலக்கடலை, மல்லி, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய், பூசணி வகை விதைகள். நம்மை ஒதுக்குகிறார்கள் என்று சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அந்தக் கோபம் கிடையாது. சம்பா விளைந்து வருகிற நேரத்தில் புகையான் பூச்சி விழுந்தால் ஒரு விவசாயி வீடு என்ன ஆகும் என்று நம் ஊரில் பார்த்தவர்கள்தானே நாம். இங்கே டப்போவிலும் வாகா வாகாவிலும் கோதுமை போடுகிறவருக்கும் அதே வயிறுதான்.

முருங்கை விதை தனிக் கதை. நடுவதற்கான எந்த விதையானாலும் அந்தச் செடியினம் அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், பொட்டலத்தின் மேல் தாவரவியல் பெயர் தெளிவாக இருக்க வேண்டும், மண்ணோ தூசியோ வேறு விதையோ கலந்திருக்கக் கூடாது. 'முருங்கை' என்று பேனாவால் எழுதிய பிளாஸ்டிக் பொட்டலம் நிச்சயம் நிற்கும். கறிவேப்பிலைக் கன்றை யாரிடமும் கேட்கவே வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் ஒரு நோயைப் பரப்புகிற பூச்சி கறிவேப்பிலையிலும் உட்காரும், அந்த நோய் இந்த நாட்டில் இல்லை. இங்கேயே நர்சரியில் நல்ல கன்று கிடைக்கிறது, வாங்கித் தொட்டியில் வையுங்கள்.

தீபாவளிக்கு பால்கோவா, குலாப் ஜாமூன் போன்ற பால் இனிப்புகளை இணையத்தில் ஆர்டர் செய்து இங்கே அனுப்பச் சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் நிற்கும். கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய்தான் காரணம். இந்தியாவில் அது இருக்கிறது, இங்கே இல்லை.

இனி, பணத்தில் முடிகிற பக்கம். 1,000 ஆஸ்திரேலிய டாலருக்குள் வாங்கும் பொருளுக்குச் சுங்க வரி கிடையாது, மதுவும் புகையிலையும் தவிர. ஆனால் 10% ஜிஎஸ்டி உண்டு. 2018 ஜூலை 1 முதல் பெரிய இணையக் கடைகள் அதை நீங்கள் பணம் கட்டும்போதே பிடித்துக்கொள்கின்றன. 1,000 டாலரைத் தாண்டினால் இறக்குமதி அறிவிப்புப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். தங்கைக்குக் காஞ்சிப் பட்டுகளாக 1,500 டாலருக்கு வாங்குகிறீர்கள், அனுப்பும் செலவும் காப்பீடும் 60 டாலர் என்று வையுங்கள். துணிக்கு 5% வரி என்று கொண்டால், அது 75. மூன்றையும் கூட்டினால் 1,635. அதில் 10% ஜிஎஸ்டி 163.50. ஆக மொத்தம் 238.50, அதன்மேல் அறிவிப்பைப் பரிசீலிக்கும் கட்டணம் தனி. இந்தியாவோடு செய்த வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் நடப்பில் இருப்பதால், பல இந்தியப் பொருள்களுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் இருந்தால் அந்த 5% இல்லாமல் போகும். பெரிய தொகைக்கு வாங்குவதானால் கடைக்காரரிடம் சான்றிதழை முதலிலேயே கேளுங்கள். ஜிஎஸ்டி மட்டும் எப்படியும் உண்டு.

"கிஃப்ட் என்று எழுதி விலையைக் குறைத்துப் போடச் சொல்லலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. தபாலில் வரும் அன்பளிப்புக்கு இங்கே தனிச் சலுகை எதுவும் இல்லை, அதனால் அந்த வார்த்தையால் ஒரு காசு மிச்சமாகாது. பொய் விலை போட்டுப் பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது பெறுகிறவர். விசாவில் இருக்கிற நாம் அந்த வம்பை விலைக்கு வாங்கக் கூடாது.

நீங்கள் கேட்காத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இளவயதுப் பிள்ளைகள் இவற்றில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி, மிளகு ஸ்ப்ரே, 1 மில்லிவாட்டுக்கு மேல் சக்தியுள்ள லேசர் பேனா, நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கி இவற்றையெல்லாம் விற்கிற தளத்தில் எந்த எச்சரிக்கையும் இருக்காது. இங்கே வந்தவுடன் பறிமுதல் ஆகும், சிலவற்றுக்கு வழக்கும் வரலாம். சிகரெட்டும் பீடியும் தபாலில் வரவழைக்க 2019 ஜூலை முதல் உரிமம் வேண்டும். வேப் எனப்படும் மின் சிகரெட்டை 2024 மார்ச் முதல் தனி ஆள் வரவழைக்கவே முடியாது. ஊரிலிருந்து புல்லட் பைக்குக்கு உதிரிப் பாகம் வாங்குவதானால் பிரேக் பேட், கேஸ்கெட் இரண்டிலும் கவனம் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் துளி கலந்திருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள்.

மருந்து விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். சொந்த உபயோகத்துக்கோ கூட இருக்கும் நெருங்கிய குடும்பத்தாருக்கோ ஒரு நேரத்தில் மூன்று மாதத்துக்கான அளவு வரவழைக்கலாம். சீட்டு தேவைப்படும் மருந்தானால் தபாலில் வரும்போது இங்கே பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு வேண்டும், ஊர் டாக்டர் சீட்டு செல்லாது. சித்த மருந்து, ஆயுர்வேத மருந்து என்றால் இன்னும் உஷார். செந்தூரம், பற்பம் வகைகளில் பாதரசமும் ஈயமும் இருக்கக்கூடும் என்று இங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை எச்சரித்திருக்கிறது. கோஷ்டம் சேர்ந்த சூரணமானால், அந்த மூலிகை அழிந்துவரும் இனங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையில் முதல் பட்டியலில் இருப்பது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் வராது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் கடிதம். அதை அனுப்பியது யார் என்று பாருங்கள். வேளாண் துறை என்றால், திருப்பி அனுப்புவதா, அழிப்பதா, சுத்திகரிக்க வழி உண்டா என்று அதிலேயே இருக்கும். செலவு உங்களுடையது. உங்கள் பருப்புக்கும் மல்லிக்கும் அந்தச் செலவு தேறாது, அழிக்கச் சொல்லிவிடுங்கள். பின்னால் எல்லைப் படையிலிருந்து பறிமுதல் அறிவிப்பு என்று ஏதாவது வந்தால் அது வேறு. திரும்பக் கேட்பதற்கு 30 நாள்தான், கடந்தால் பொருள் அரசுடையது. 'சுங்கக் கட்டணம் பாக்கி' என்று போனில் குறுஞ்செய்தி வந்தால் இணைப்பைத் தொடாதீர்கள். பார்சல் எதிர்பார்த்திருக்கும் புது ஆட்களைக் குறிவைத்தே அந்த மோசடி நடக்கிறது.

அடுத்த முறை ஆர்டர் போடும் முன் பைகான் (BICON) என்ற அரசுத் தளத்தில் பொருளின் பெயரைத் தட்டிப் பாருங்கள், எது வரும், எது வராது, என்ன நிபந்தனை என்று வந்துவிடும். மளிகைக்கு பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் ஒரு நடை போங்கள். முறையாகக் கப்பலில் வந்த துவரம் பருப்பும் மல்லியும் நம் ஊர்க்காரர் கடைகளிலேயே கிடைக்கும், தபால் செலவைப் பார்த்தால் விலையும் குறைவு. உங்களுக்கு எதையாவது அனுப்பியே ஆக வேண்டும் என்று அம்மா நினைத்தால் துணி, புத்தகம், பித்தளைப் பாத்திரம் அனுப்பச் சொல்லுங்கள். மத்து, பல்லாங்குழி மாதிரி மரச் சாமான் வைத்தால் பட்டை ஒட்டியிருக்கக் கூடாது, பூச்சி துளைத்த ஓட்டையோ மரத்தூளோ இருக்கக் கூடாது. பெட்டிக்குள் இடைவெளியை அடைக்க வைக்கோல் போட வேண்டாம், கசக்கிய செய்தித்தாள் போதும் என்றும் சொல்லிவிடுங்கள்.