அட்டையில் கேஸ்கட் வெட்டலாமா?

கேள்வி: பழைய அம்பாசிடரில் வாட்டர் பம்ப் கேஸ்கட் (தண்ணீர் கசியாமல் இருக்க இணைப்பின் இடையில் வைக்கும் தாள்) கிழிந்துவிட்டது. கடையில் கிடைக்கவில்லை. வீட்டு அட்டையில் வெட்டிப் போடலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: போடலாம் தம்பி. புதுச் சட்டைக்குள் வைத்து வருமே, அந்த அட்டை போதும். பளபளப்புத் தாள் ஒட்டியது வேண்டாம். முதலில் பழைய கேஸ்கட்டை மிச்சமில்லாமல் சுரண்டுங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றில் கேஸ்கட் உட்காரும் முகப்பு துருவேறிக் கிடக்கும், உப்புத்தாளால் தேயுங்கள். அப்புறம் அட்டையைப் பம்பின் மேல் வைத்து, சுத்தியலின் உருண்டை முனையால் ஓரத்தை மெதுவாகத் தட்டினால் இரும்பு விளிம்பே அட்டையை வெட்டிவிடும். போல்ட் ஓட்டைகளை முதலில் தட்டி, போல்ட்டைச் செருகிக்கொண்டால் அட்டை நகராது. இருபுறமும் கிரீஸை மெல்லிசாகத் தடவி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கேஸ்கட் தாள் கிடைத்ததும் மாற்றிவிடுங்கள்.

இன்ஜினின் மேல்மூடிக்கு (ஹெட்) அடியில் வரும் ஹெட் கேஸ்கட்டுக்கு மட்டும் அட்டையை நினைக்கவே வேண்டாம். எரியும் வாயுவின் சூட்டில் கருகிவிடும். பெட்ரோல் போகும் இடத்தில் சைக்கிள் டியூப்பும் ஆகாது. தொழில் பழகிய புதிதில் ஒரு வண்டியின் பெட்ரோல் பம்புக்கு அதை வெட்டிப் போட்டேன். ரப்பர் ஊறி உப்பி, உச்சிப்புளி தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. பின் சீட்டில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இருந்தாள்.