புயல் எங்கே கரையைக் கடக்கும்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ஒன்றுதான். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார், முதலில் சென்னை என்கிறார்கள், மறுநாள் கடலூர், கடைசியில் நாகை. ஒரே இடமாகச் சொன்னால் என்ன?
*(தாம்பரம்)*

புயல் தானாக ஓடுவதில்லை. சுற்றியிருக்கும் காற்றுதான் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. இருபுறமும் உயரழுத்தம் இருந்து இரண்டும் சம பலத்தில் தள்ளினால் புயல் நின்றே விடும். 2024இல் ஃபெஞ்சல் கரையேறிய பிறகும் புதுச்சேரியை விட்டு நகராமல், ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது அப்படித்தான். உயரத்தில் வீசும் அந்தக் காற்றைத் தரையில் பலூன் விட்டு அளக்கிறோம். நடுக்கடலில் யார் பலூன் விடுவது? பெரும்பாலும் செயற்கைக்கோளை வைத்துத்தான் கணக்கு.

கஜா நினைவிருக்கிறதா? முதலில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கடக்கும் என்றார்கள். கடலூரில் நாங்கள் தென்னை மட்டைகளை வெட்டி இறக்கிவிட்டுக் காத்திருந்தோம். அது தென்மேற்காகத் திரும்பி, 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறியது. விடிந்ததும் அந்தப் பக்கத்து உறவினர் போனில் பேசினார். தோப்பில் ஒரு மரம்கூட நிற்கவில்லை என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

வரைபடத்தில் கூம்பு போடுகிறார்களே, எங்கள் ஊர் அதற்கு வெளியே இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா அண்ணா?
*(செங்கல்பட்டு)*

வேண்டாம் தம்பி. புயலின் மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பதை மட்டும்தான் கூம்பு காட்டும். மழை எவ்வளவு தூரம் பரவும் என்பது அதில் இருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையேறியது ஆந்திராவின் பாபட்லா அருகே. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது சென்னையில்.

என் அண்ணன் ஃப்ளோரிடாவில், டாம்பாவில் இருக்கிறார். 2022இல் இயன் சூறாவளி தங்கள் ஊருக்கே வருவதாகச் சொல்லிவிட்டு வேறு பக்கம் போனதாம். அங்கேயுமா இப்படி?
*(திருச்சி)*

அங்கே சூறாவளிக்குள்ளேயே விமானம் விட்டு அளக்கிறார்கள், அப்படியும் இந்தச் சிக்கல் உண்டு அம்மா. காரணம் கரையின் கோணம். நம் கரைக்குப் புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்து நேராக வரும். இயன் தெற்கிலிருந்து, ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையை ஒட்டினாற்போல் வந்தது. சுவரை ஒட்டி நடப்பவர் லேசாகத் தோளைத் திருப்பினாலும் முட்டும் இடம் எவ்வளவோ தள்ளிப் போகும், இல்லையா? அது கொஞ்சம் முன்னாலேயே வலப்புறம் திரும்பி, செப்டம்பர் 28 அன்று மணிக்கு சுமார் 240 கி.மீ. வேகக் காற்றோடு டாம்பாவுக்குத் தெற்கே கேயோ கோஸ்டா தீவில் ஏறியது. ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. டாம்பா விரிகுடாவிலோ தண்ணீர் உள்வாங்கித் தரை தெரிந்தது. 2004இல் சார்லியும் இதே போல டாம்பாவை விட்டுவிட்டு இதே தீவுப் பக்கம்தான் திரும்பியது. கூம்பின் நடுவே ஓடும் கோட்டினை மட்டும் பார்த்து "நமக்கில்லை" என்று இருந்துவிடாதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

துறைமுகத்தில் 8ஆம் எண் கூண்டு, 9ஆம் எண் கூண்டு என்கிறார்கள். எண் கூடினால் ஆபத்தும் கூடுகிறதா ஐயா?
*(நாகையிலிருந்து ஒரு மீனவர்)*

8, 9, 10 மூன்றுமே பெரும் ஆபத்துதான். வித்தியாசம் புயல் எந்தப் பக்கம் கடக்கும் என்பதில். துறைமுகம் புயல் பாதைக்கு இடப்புறம் இருந்தால் 8, வலப்புறம் என்றால் 9, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 10. மேற்கே வரும் புயலுக்கு வலப்புறம் என்பது வடக்கு. ஆகவே நாகையில் 9 ஏறினால் புயல் உங்களுக்குத் தெற்கே கடக்கப் போகிறது, காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், கடலும் ஏறும். படகையும் வலையையும் நன்றாக மேடேற்றிவிடுங்கள். 8 என்றால் கடல் ஏறும் பயம் குறைவு, ஆனால் காற்று விடாது.

எந்த ஆப்பை நம்புவது?

ஒரே ஒரு ஆப்பை நம்பாதீர்கள். ஐரோப்பியக் கணினிக் கணிப்பு மாதிரியும் அமெரிக்க மாதிரியும் வேறு வேறு ஊரைக் காட்டினால், இன்னும் யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம். வானிலை ஆய்வு மையத்தின் அடுத்த அறிக்கைக்குக் காத்திருங்கள்.

புயல் கரையேறும்போது காற்று சட்டென்று நின்றுவிட்டால் வெளியே போய்ப் பார்க்கலாமா?
*(எண்ணூர்)*

போகவே கூடாது. புயலின் கண் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் வர்தா கடந்தபோது இதைப் பார்த்தோம். அதுவரை வடக்கிலிருந்து அடித்த காற்று ஓய்ந்து, பிறகு தெற்கிலிருந்து திரும்ப வந்தது. முதல் காற்றில் பாதி சாய்ந்து நிற்கும் மரம் அப்போதுதான் விழும்.