ஐப்பசி மழைக்கு முன்னர் பத்தி இறக்குவோர் கேட்டவை

தென்மேல் பருவமழை ஓயத் தொடங்கியதும், வீட்டின் பின்புறத்தில் தூண் நட்டுத் தகடு போட்டு ஒரு பத்தியை (வீட்டை ஒட்டிய சாய்கூரைப் பகுதியை) இறக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது. ஒக்ரோபரிலும் நவம்பரிலும் கொழும்பில் பிற்பகல் வேளைகளில் இடியோடு கொட்டும் மழையை நினைத்தால், செப்டெம்பருக்குள் வேலையை முடிக்க அவர்கள் அவசரப்படுவதில் நியாயம் இருக்கிறது. கூலிக்கு ஆள் வைக்காமல், தாமும் வீட்டாருமாகச் செய்ய எண்ணுவோர் அனுப்பிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவுக்கு அருகே வசிக்கும் என் தம்பி, குளிர்காலம் தொடங்குவதற்கு முன்னர் தன் களஞ்சியக் கொட்டிலோடு சேர்த்து ஒரு புதிய பகுதியைத் தானே கட்டி முடித்தான். அத்திவாரம் எதுவும் போடாமல், மரத்தூண்களை நான்கு அடி ஆழத்துக்கு மண்ணில் இறக்கி, அவற்றின் மீதே கூரையை ஏற்றியிருக்கிறான். 20 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட பத்தியொன்றை இங்கே அதே முறையில் கட்டலாமா? (தெஹிவளை வாசகர்)

பதில்: முறை நல்லதுதான். ஆனால் உங்கள் தம்பியின் நான்கு அடிக்குக் காரணம் வேறு, உங்களுக்குத் தேவையான ஆழத்துக்குக் காரணம் வேறு. அவர் இருக்கும் பகுதியில் குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து, மண் பொங்கித் தூணை மேலே தள்ளும் என்பதால், உறைபனி எட்டாத ஆழம்வரை, அதாவது ஏறத்தாழ 1.2 மீற்றர் வரை, தூணை இறக்குகிறார்கள். தெஹிவளையில் மண் உறைவதில்லை. இங்கே தூணை மேலே இழுப்பது காற்று.

பத்தியின் கூரை பாரம் தாங்காமல் கீழே விழுவதைவிட, காற்றில் மேலே கிளம்புவதே அதிகம் என்பதைப் பலர் நம்புவதில்லை. கணக்குப் பார்த்தால் விளங்கும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 47 கிலோகிராம் அளவு விசையைக் கொடுக்கிறது. உங்கள் கூரையின் பரப்பு 18.6 சதுர மீற்றர். மூன்று பக்கமும் திறந்த பத்திக்குள் காற்று புகுந்து கீழிருந்து தள்ளும்போது, மொத்த விசை 900 கிலோகிராமை நெருங்குகிறது, கூரையின் ஓரங்களில் இன்னும் கூடுகிறது. தகடு, அதைத் தாங்கும் சிலாகை, சிலாகையைத் தாங்கும் வளை எல்லாவற்றையும் சேர்த்தாலும் கூரையின் நிறை 300 கிலோகிராமைத் தாண்டுவது அரிது. காற்றில் மடங்கும் குடையின் கதைதான் இது. பிடித்திருக்கும் கைக்குப் பாரம் வேண்டும். அந்தப் பாரத்தைத் தருவது கிடங்குக்குள் ஊற்றும் கொங்கிறீட்.

எனவே, வெளிப்பக்கத்தில் நான்கு தூண்களும் வீட்டுப் பக்கத்தில் நான்கு தூண்களுமாக எட்டுக் கிடங்குகளை வெட்டுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை அடிச் சதுரமாகவும் இரண்டரை அடி ஆழமாகவும் இருந்தால், சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, முக்கால் அங்குலச் சல்லி நான்கு என்ற 1:2:4 கலவையில் ஊற்றும் கொங்கிறீட்டின் நிறை கிடங்குக்கு 380 கிலோகிராம் அளவில் வரும். மேல்மண்ணையும் குப்பை மண்ணையும் அகற்றி, இறுகிய செம்மண்ணைத் தொட்ட பிறகே ஆழத்தை அளக்க வேண்டும். வீட்டுச் சுவரின் கருங்கல் அத்திவாரத்தை ஒட்டிக் கிடங்கு வெட்டாதீர்கள். இரண்டு அடி தள்ளி வெட்டி, கூரையைச் சுவர்ப்பக்கமாக நீட்டிக்கொள்வதே பாதுகாப்பு.

மரத்தூணை நேரே மண்ணில் இறக்குவதை மட்டும் நான் சிபாரிசு செய்வதில்லை. கனடாவில் அதற்கென்றே அழுத்தத்தில் மருந்தேற்றிய மரம் கிடைக்கிறது. இங்கே சாதாரண மரம் மண்மட்டத்தை ஒட்டிய அரை அடியில்தான், ஈரமும் காற்றும் ஒன்றாகச் சேரும் இடத்தில், முதலில் உளுத்துப்போகும். மீதியைக் கறையான் பார்த்துக்கொள்ளும். கொங்கிறீட்டை நிலத்துக்கு மேல் ஒன்பது அங்குலம்வரை எழுப்பி, 12 மில்லிமீற்றர் போல்ட்டுகள் நான்கை ஈரக் கலவையிலேயே பதித்து, அவற்றின் மீது இரும்புத் தட்டு வைத்துத் தூணை முடுக்குங்கள். பிற்காலத்தில் ஒரு தூண் பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

தூண்கள் நின்றவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். தூணுக்கும் வளைக்கும் இடையே குறைந்தது இரண்டு அடி நீளமான சாய்வுத் தாங்கிகளை மூலைதோறும் கொடுக்காவிட்டால், கையால் தள்ளினாலே முழுச் சட்டமும் ஆடும். நாமே செய்யும் வேலையில் அதிகம் விடுபட்டுப்போவது இதுதான்.

கேள்வி: தூணுக்கு மரம் நல்லதா, பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) நல்லதா? எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்தில் இருக்கிறது.

பதில்: இரண்டுமே நிற்கும், கெடும் விதம்தான் வேறு. கடற்காற்றுப் படும் இடத்தில் இரும்பு ஒட்டுகளில்தான் துருப்பிடிக்கத் தொடங்குகிறது, ஏனெனில் வெல்டிங் செய்யும்போது அந்த இடத்துக் கல்வனைஸ் பூச்சு எரிந்துபோகிறது. ஒட்டு ஆறியதும் கம்பித் தூரிகையால் தேய்த்து, நாகம் (சிங்க்) கலந்த பூச்சை இரண்டு தடவை பூசி, அதன் மேல் வர்ணம் பூச வேண்டும். தூணின் மேல்வாயைத் தகட்டால் மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் மழைநீர் உள்ளே இறங்கித் தேங்கி, வெளியே வர்ணம் மினுங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து அரிக்கும்.

75 மில்லிமீற்றர் சதுரம், 2 மில்லிமீற்றர் தடிப்பு என்று கேட்டு வாங்குங்கள். பழைய சோனகத் தெருவில் கடைக்குக் கடை விலை வேறுபடுவதற்குத் தடிப்பும் ஒரு காரணம் என்பதால், வாயால் சொல்லும் தடிப்பை நம்பாமல் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 20 அடி நீளத் துண்டொன்று 27 கிலோகிராம் அளவில் நிறுக்க வேண்டும். 20 கிலோகிராம்தான் இருக்கிறது என்றால், அது ஒன்றரை மில்லிமீற்றர்ச் சரக்கு. மரமே வேண்டுமென்றால் முதிரை நிலைக்கும், ஆனால் பணம் விழுங்கும். தென்னை மரத்தைத் தூணுக்குப் போடுவதானால் வைரம் பாய்ந்த வெளிப்பகுதியாக இருக்க வேண்டும்.

கேள்வி: சிறிய பத்திதானே, மாநகர சபையின் அனுமதி இதற்கும் வேண்டுமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில், வீட்டோடு சேர்த்து எழுப்பும் பகுதிக்கும் அபிவிருத்தி அனுமதி பெற வேண்டும். தகடு போட்டது, தற்காலிகமானது என்ற காரணங்கள் பின்னர் எடுபடுவதில்லை. பின்புறத்தில் எவ்வளவு இடம் திறந்திருக்க வேண்டும், வீதிக் கோடு எங்கே விழுகிறது என்பவை காணிக்குக் காணி மாறுவதால், காணியின் வரைபடத்தோடு சபையின் திட்டமிடற் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான இடத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உங்கள் கூரைத் தண்ணீர் ஒரு துளியும் பக்கத்துக் காணிக்குள் விழக்கூடாது. மதிலின் மேல் தூண் வைப்பது என்ற யோசனை இருந்தால், அதை இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டுப் பக்கத்தில் தூண் நடாமல், சுவரில் போல்ட் அடித்து வளையைப் பொருத்திவிடலாம் என்கிறார் எங்கள் மேசன். சுவர் நான்கு அங்குலச் சீமெந்துக் கல். வீட்டுக் கூரை பழைய அஸ்பெஸ்டஸ். (வத்தளை வாசகர்)

பதில்: ஒன்பது அங்குலச் செங்கற் சுவராக இருந்தால் யோசிக்கலாம், நான்கு அங்குலச் சீமெந்துக் கல்லில் வேண்டாம். பாரத்தை அது ஒருவேளை தாங்கும், காற்று ஆட்டும் ஆட்டத்தில் போல்ட்டைச் சுற்றிக் கல் நொறுங்கும். அதோடு, பழைய அத்திவாரம் இறங்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே இறங்கிவிட்டது; புதிய தூண்கள் இனித்தான் சற்றே கீழிறங்கும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் வெடிப்பு விழுவது உங்கள் படுக்கையறைச் சுவரில். பத்தியைத் தன் கால்களில் தனியாக நிற்க விட்டு, இடைவெளியை மட்டும் மூடுங்கள்.

மூடும் விதம் முக்கியம். சுவரில் முக்கால் அங்குல ஆழத்தில் ஒரு நீள் வெட்டுப் போட்டு, மடித்த தகட்டின் ஒரு விளிம்பை அதற்குள் செருகி, சீலன்ட் கொண்டு அடைத்து, மறு விளிம்பைக் கூரைத் தகட்டின் மீது ஆறு அங்குலமாவது படியவிட வேண்டும். சீமெந்துச் சாந்தைக் கூரைத் தகட்டின் மீதே அப்பிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது இரண்டு வெயிலில் வெடித்துவிடும் என்பது ஒரு புறம். ஈரச் சாந்தின் காரத்தன்மை, அமானோ சீட் என்று நாம் வாங்கும் தகட்டின் பூச்சை அரித்துவிடும் என்பது மறுபுறம்.

அஸ்பெஸ்டஸ் சீட்டின் ஓரத்தைக் கிரைண்டரால் வெட்டாதீர்கள். அந்தத் தூசு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதில் ஐயமில்லை. தேவையென்றால் பத்தியைச் சற்றே தாழ்த்தி, பழைய சீட்டின் கீழே புதிய தகடு நுழையுமாறு திட்டமிடுங்கள். அவ்வாறு இடமில்லாமல் ஒரு சீட்டை எடுத்தே ஆக வேண்டுமானால், நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீட்டாக உடையாமல் இறக்குங்கள். பழைய சீட்டில் ஏறி நிற்கவும் கூடாது.

கேள்வி: எங்கள் காணி நிரப்பிய சதுப்பு நிலம். இரண்டு அடி வெட்டியதும் கிடங்கில் தண்ணீர் ஊறுகிறது. (கொலன்னாவை வாசகர்)

பதில்: உங்கள் காணியில் ஆழத்தைவிட அகலத்தையே நம்ப வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கிய கொங்கிறீட் தன் நிறையில் ஐந்தில் இரண்டு பங்கைக் காற்றுக்கு எதிரான கணக்கில் இழந்துவிடுகிறது. மேலும், நிரப்பிய மண் தூணுக்குத் தூண் வேறு அளவில் இறங்கும். ஆகவே, ஒன்றரை அடி ஆழத்தில் நின்றுகொண்டு, கிடங்கை இரண்டரை அடிச் சதுரமாக அகட்டி, அடியில் ஆறு அங்குலம் சல்லி போட்டு இடித்து, 10 மில்லிமீற்றர்க் கம்பியை ஆறு அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஊற்றுங்கள். வெளிவரிசைத் தூண்களை நிலமட்டத்தில் ஒரு கொங்கிறீட் வளையால் இணைத்துவிட்டால், ஒன்று இறங்க முனையும்போது மற்றவை பிடித்துக்கொள்ளும். கிடங்கில் தண்ணீர் நிற்கும்போது அதற்குள் கலவையைக் கொட்டக் கூடாது. சீமெந்து கழுவிப்போய், மணலும் சல்லியும்தான் மிஞ்சும். முதலில் இறைத்துவிட்டு, உடனே ஊற்ற வேண்டும்.

இன்னொரு காரணத்துக்காகவும் கிடங்கைத் திறந்தபடி விடாதீர்கள். நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, குடம்பி காணப்பட்டால் வழக்கு உங்கள் மீதுதான், மழையின் மீது அல்ல. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கட்டட வேலை நடக்கும் இடங்களைத் தேடித்தான் வருகிறார்கள்.

கேள்வி: கூரைச் சாய்வு எவ்வளவு? பீலி அவசியமா? (மட்டக்குளி வாசகர்)

பதில்: தகட்டுக்குப் பத்துப் பாகை வைத்துக்கொள்ளுங்கள், 10 அடி அகலத்துக்கு 21 அங்குல இறக்கம். ஐந்து பாகையிலும் தகடு போடலாம் என்பார்கள், ஆனால் காற்றோடு வரும் மழையில் தகடுகள் ஒன்றன்மேலொன்று படியும் இடத்தால் தண்ணீர் பின்னேறும்.

பீலி அவசியம். மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் பெய்யும் மழையில் 200 சதுர அடிக் கூரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் 1,860 லீற்றர் தண்ணீர் இறங்கும். வீட்டுக் கூரையின் பின்பாதியும் பத்தியின் மேல் வடிந்தால் அது இரு மடங்குக்கும் கூடும். ஐந்து அங்குலப் பீலியும், இரு அந்தங்களிலும் மூன்று அங்குல இறக்கக் குழாயும் போடுங்கள். ஒரு குழாயே இந்தத் தண்ணீரைக் கடத்தும், ஆனால் மா இலையொன்று அதை அடைப்பது மழை உச்சத்தில்தான் நடக்கும். பீலியின் நடுவிலிருந்து இரு பக்கமும் முக்கால் அங்குலமாவது சரிவிருந்தால் தண்ணீர் தேங்காது.

தகட்டை ஆணியால் அடிக்க வேண்டாம். இறப்பர் வொஷர் உள்ள ஸ்குரூவைச் செங்குத்தாக ஏற்றி, வொஷர் சற்றே அமுங்கும் அளவில் நிறுத்துங்கள். நசுங்கி வெளியே பிதுங்கினால் அது கூடிவிட்டது.

கேள்வி: மின்சார வயர் பத்திக்கு மேலாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. உயர்த்திக் கட்டிக்கொள்ளலாமா? (நுகேகொடை வாசகர்)

பதில்: கூடாது. உங்கள் பகுதிக்கு மின் வழங்கும் லெக்கோ அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்கள் மாற்றித் தந்த பிறகே முதல் தூணை நிமிர்த்துங்கள். 20 அடி இரும்புத் துண்டை நிமிர்த்தும் ஒரு கணத்தில் அது எங்கே சாயும் என்பதை எவரும் கட்டுப்படுத்த முடியாது. பத்திக்குள் விளக்கு, பிளக் வைப்பதானால் டிரிப் சுவிட்ச் வழியாகவே இணைப்பு வர வேண்டும். இரும்புச் சட்டத்தைப் புவித்தொடுப்புச் செய்வதை உரிமம் பெற்ற மின்னியலாளரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சனி, ஞாயிறு மட்டுமே எனக்கு ஓய்வு. செப்டெம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்தால் முடிக்க முடியுமா? (இரத்மலானை வாசகர்)

பதில்: அனுமதி கையில் இருந்தால், முடியும். உங்கள் இடைநாட்களைக் கொங்கிறீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அது இறுகுவதற்கு எப்படியும் நாட்கள் வேண்டும். முதல் வார இறுதியில் நூல் கட்டி மூலைகளைச் சரிபாருங்கள். ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் நான்கு அடி அளந்தால், குறுக்கே ஐந்து அடி வர வேண்டும். கிடங்குகளை வெட்டி, அன்றோ மறுநாளோ ஊற்றிவிடுங்கள். அடுத்த ஏழு நாட்களும் காலையும் மாலையும் ஈரச் சாக்கால் மூடி நனைப்பது வீட்டிலுள்ளோரின் வேலை. இரண்டாம் வார இறுதியில் தூண்களை முடுக்கி, தூக்குக் குண்டு பார்த்து, வளைகளையும் சாய்வுத் தாங்கிகளையும் பொருத்துங்கள். மூன்றாம் வார இறுதி சிலாகைக்கும் வர்ணத்துக்கும். தகடு நான்காம் வாரம். பீலியும் தரைச் சீமெந்தும் பிந்தினாலும் பாதகமில்லை.

தகடு ஏற்றும் நாளில் காலை ஏழு மணிக்கே தொடங்கி, பிற்பகல் கறுக்கும் முன்னர் முடித்துவிடுங்கள். ஈரத் தகட்டில் கால் வழுக்கும். காற்று எழும்பிவிட்டால் இரண்டு பேர் பிடித்தாலும் தகடு நிற்காது. பாதியில் நிறுத்த நேர்ந்தால், ஏற்றிய தகடு ஒவ்வொன்றையும் எல்லாச் சிலாகைகளிலும் முழுமையாக ஸ்குரூ செய்துவிட்டு இறங்குங்கள். மீதித் தகடுகளை நிலத்தில் அடுக்கிக் கயிற்றால் கட்டி, மேலே இரண்டு சீமெந்துக் கல்லாவது பாரம் வையுங்கள்.