தங்கமீன் செவுளில் வெள்ளைப் புள்ளியா? மருந்து ஊற்றும் முன்

மருந்து பாட்டிலைக் கொஞ்சம் கீழே வையுங்கள். செவுள் மூடியில் ரவை ஒட்டினது போல் வெள்ளைப் புள்ளி, நன்றாகச் சாப்பிடுகிறது, மற்ற மீனை ஓயாமல் துரத்துகிறது என்கிறீர்கள். எனக்கு இது ஒட்டுண்ணியால் வருகிற வெண்புள்ளி நோயாகவே படவில்லை, ஆண் தங்கமீன் இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் வருகிற புள்ளிகள் இவை, நானும் முதல் தடவை பயந்துபோய் நீல மருந்தை ஊற்றி ஃபில்டரில் இருந்த நல்ல பாக்டீரியாவைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்பக்கக் கெட்டி முள்ளிலும் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள், தானாக மறையும். வால், முதுகு என்று கண்டபடி சிதறி, நாளுக்கு நாள் கூடி, மீன் கல்லில் போய் உடம்பைத் தேய்த்தால் நோய் என்று சந்தேகப்படலாம். அப்போது கல்லுப்பு, லிட்டருக்கு 2 அல்லது 3 கிராம், ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு நாளில் பிரித்து, கரைத்து ஊற்றுங்கள். புள்ளி போனதும் நிறுத்திவிடாதீர்கள்; உதிர்ந்த ஒட்டுண்ணி தொட்டியின் அடியில் கூடு கட்டிப் பெருகும், அதிலிருந்து நீந்தி வெளியே வரும் ஒட்டுண்ணிக் குஞ்சுகளைத்தான் உப்போ மருந்தோ கொல்லும். அப்புறம், துரத்தப்படுகிற மீன் ரொம்பக் களைத்துப்போனால் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.