வைரஸை நீக்கிப் பார்ப்பதா, ஃபார்மட் அடித்துவிடுவதா?

கேள்வி: திருவாரூர் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்டிவைரஸ் நீக்கிய வைரஸ் மறுநாளே வந்து நிற்கிறது. இன்னும் முயன்று பார்க்கலாமா, விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாமா?

பதில்: மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவு நேரத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் எல்லோருக்கும் இதே புகார்தான். அடங்கல், பாஸ்புக் நகல் என்று ஆளுக்கொரு பென்டிரைவோடு வருவார்கள். அது அதற்கு முன் எத்தனை கடை ஏறி இறங்கியதோ!

பென்டிரைவில் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறி, ஐகான் மூலையில் குட்டி அம்புக்குறி தெரிகிறதா? அதை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டார்கெட்டை (ஷார்ட்கட் எதைத் திறக்கிறது என்பதை) பாருங்கள். ஃபோல்டர் பெயருக்குப் பதில் சிஎம்டி, டபிள்யூஸ்கிரிப்ட் என்று கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் புரோகிராம் ஏதாவது இருந்தால் அதுதான் ஆசாமி. ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைந்துதான் இருக்கும். இதற்கெல்லாம் ஃபார்மட் வேண்டாம். விண்டோஸோடு வரும் விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். விண்டோஸ் முழுதாக எழும்முன் தேடுவதால், சாதாரண ஸ்கேனில் நழுவுவதும் மாட்டும். கால் மணி நேர வேலை.

அதன் பிறகும் வந்தால் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுங்கள். ஸ்கேன் முடிவில் சாலிட்டி, விருட் என்ற வைரஸ் பெயர்கள் தெரிந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். இவை புரோகிராம்களின் இஎக்ஸ்இ ஃபைல்களுக்குள்ளேயே புகுந்துகொள்பவை. ஒன்று தப்பினாலும் மறுபடி பரவும். தவிர, உங்கள் மெஷினில் ஊராருடைய ஆதாரும் பேங்க் விவரமும் ஓடுகிறது. ‘அநேகமா போயிடுச்சு’ என்பது வீட்டில் படம் பார்க்கும் கம்ப்யூட்டருக்குச் சரி, கடைக்குச் சரிப்படாது.

பலரும் கோட்டைவிடுவது டி டிரைவில். சி-யை மட்டும் ஃபார்மட் அடித்து, புது விண்டோஸ் போட்டு, டி-யில் இருக்கும் ‘சாஃப்ட்வேர்’ ஃபோல்டரைத் திறந்து பிரிண்டர் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் சாஃப்ட்வேரை) இன்ஸ்டால் செய்வார்கள். அந்த செட்டப் ஃபைலிலேயே வைரஸ் இருக்கும். சாயங்காலத்துக்குள் பழைய கதை! பிடிஎஃப், போட்டோ, டேலி டேட்டா, தமிழ் ஃபான்ட் இவற்றை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். சி, டி என்று பிரித்திருக்கும் பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் போடுங்கள். டிரைவரை கம்பெனி தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். கிராக் செய்த (காசு கட்டாமல் ஓடும்படி உடைத்த) சாஃப்ட்வேர் பக்கமே போகாதீர்கள், அதோடு வைரஸும் வருவது சகஜம்.

விண்டோஸ் போட 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதை வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் தயார் செய்யுங்கள். பாஸ்வேர்டுகளையும் பழைய மெஷினில் மாற்ற வேண்டாம், போனிலிருந்து மாற்றுங்கள்.