பழைய ஜீப்பில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டும் முன்சக்கரங்கள் இழுக்காதது ஏன்?

1987 முதல் 1995 வரை வந்த ஜீப் ராங்லரில் முன் அச்சின் வலப்பக்கத் தண்டை இணைப்பது வெற்றிடம். அதாவது, எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது உண்டாகும் உறிஞ்சுவிசை, மெல்லிய குழாய்கள் வழியே அச்சருகில் உள்ள ஒரு சவ்வை இழுத்து, இணைப்பு வளையத்தை நகர்த்துகிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் ஏறாததுபோல, குழாய் வெடித்திருந்தால் சவ்வு அசையாது. பல ஆண்டுகள் சூட்டில் கிடந்த குழாய், முனையில் லேசாக வளைத்தாலே பொருபொருவென உதிரும்.

வண்டியை நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தி, எஞ்சின் ஓட, நான்கு சக்கர நிலையில் அச்சருகே குழாய்களைக் கழற்றி, ஒவ்வொரு முனையையும் விரலால் மூடிப் பாருங்கள். எதுவுமே விரலை இழுக்காவிட்டால் கோளாறு குழாயிலோ, உறிஞ்சுவிசையை அச்சுக்குத் திருப்பிவிடும் வெற்றிட சுவிட்சிலோ இருக்கிறது, இழுத்தும் அச்சு இணையாவிட்டால் சவ்வைப் பாருங்கள்.

எஞ்சின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது என்று பலர் அதையே முதலில் பிரிக்கிறார்கள். அது நன்றாக இருக்கும்போதும் வெடித்த குழாய் ஒன்றே இதே அறிகுறியைத் தரும்.